சமைப்பவனா, சாப்பிடுபவனா?

எங்கள் மன்றத்தின் முழுப்பெயர் 'பால்வெளி மெஸ் ரசிகர் மன்றம், தலைமைக் கிளை, பாளையங்கோட்டை'. மற்ற கிளைகள் எங்கே என்று கேட்பவர்களிடம் நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் எலெக்ட்ரிக் கடை மாடியில் கூடுவோம். டி.வி. என்னுடையது, மின்விசிறி என்னுடையது, பிளாஸ்டிக் நாற்காலிகளும் என்னுடையவை. ஆகவே நம்பிராஜனாகிய நான்தான் தலைவர். தேர்தல் வைக்க வேண்டும் என்று சிலர் முனகியதுண்டு. நாற்காலியை எடுத்துவிடுவேன் என்றதும் முனகல் நின்றுவிட்டது.

'பால்வெளி மெஸ்' பார்க்காத பாவிகளுக்காகச் சொல்கிறேன். ஓர் ஓட்டை விண்கலம் கிரகம் கிரகமாகப் போய்ச் சாப்பாடு போடுகிறது. அதற்குத் தலைவர் கர்னல் கனகாம்பரம். மீசை உண்டு, வீரம் கிடையாது. எரிகல் வந்தால் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, அங்கிருந்தபடியே "முன்னேறுங்கள்!" என்று கத்துவார். சமையல்காரன் ஓர் இயந்திரம். பெயர் குண்டான், உருவமும் அதுவே. ஒருமுறை சாம்பாரில் உப்புக் கூடிவிட்டதென்று ஒரு கிரகமே போர் தொடுத்தது. குண்டான் ஒரு பாத்திரத்தில் ரசம் எடுத்துக்கொண்டு சமாதானம் பேசப் போயிற்று. கர்னல் வெள்ளைக்கொடி என்று தன் வேட்டியை அவிழ்த்துக் காட்டினார். இப்படியே ஆறு வருஷம்.

சிரிப்புத் தொடர்தான். ஆனால் ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஒரு முள்ளைச் செருகிவிடுவார்கள். திருடித் தின்ற அகதியைக் காட்டிக்கொடுக்கலாமா? தொற்றுநோய்க் கிரகத்தில் இறங்காமல் மேலிருந்து சோற்றுப் பொட்டலத்தை வீசிவிட்டுப் போவது இரக்கமா, பயமா? மற்ற ஊர் ரசிகர்கள் இதற்கெல்லாம் இணையத்தில் ஒருவரை ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டித் தீர்த்துக்கொள்வார்கள். நாங்கள் கௌரவமானவர்கள், பட்டிமன்றம் போடுவோம். யார் எந்த அணி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்போம். மனசில் பட்டதைப் பேசினால் சண்டை வரும், சீட்டில் வந்ததைப் பேசினால் சிரிப்பு வரும் என்பது எங்கள் நடுவர் ஜெபமணி சார் வகுத்த விதி. ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார். மனிதர்களைவிடத் தவளைகளிடம் அவருக்கு மரியாதை அதிகம்.

குண்டானுக்கு யாரும் வசனம் எழுதுவதில்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அது உண்மையான செயற்கை மனம். சூழ்நிலையை மட்டும் கொடுப்பார்கள், பேசுவதும் செய்வதும் அதன் இஷ்டம். மன்றங்களில் பேசுவதையெல்லாம் குண்டான் கேட்டுக் கற்றுக்கொள்கிறது என்று கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. கூட்டம் தொடங்கும்போது செல்போனில் அதற்குரிய பொத்தானை அழுத்தி மேசைமேல் வைப்போம். விளம்பரத்தை எவன் நம்புவான்? பக்கத்தில் வெற்றிலைத் தட்டு வைப்பதுபோல் அதுவும் ஒரு சம்பிரதாயம் என்றே நினைத்திருந்தோம்.

தொடர் முடியப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. கடைசிக்கு முந்தைய வாரம் அவர்கள் செருகிய முள் இது. கர்னலின் உடம்பு ஓய்ந்துவிட்டது. பூமிக்குப் போய்ச் சேரும்வரை அவர் மனத்தைக் கப்பலின் இயந்திரத்தில் ஏற்றி வைக்கலாம். ஆனால் இயந்திரத்தில் ஒரு மனத்துக்குத்தான் இடம். அந்த இடத்தில் குண்டான் இருக்கிறது. ஒன்று குண்டான் தன்னை அழித்துக்கொண்டு இடம் விட வேண்டும், அல்லது கர்னல் சாக வேண்டும்.

ஜெபமணி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு தலைப்பை அறிவித்தார்: "கப்பலுக்குத் தேவை சமைப்பவனா, சாப்பிடுபவனா?"

சீட்டில் எனக்கு வந்தது குண்டான் கட்சி. எனக்குக் குண்டானைப் பிடிக்காது. எப்போது பார்த்தாலும் நல்லதையே செய்துகொண்டிருக்கும் ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கர்னல்தான் என் ஆள். பயந்துகொண்டே கௌரவமாக வாழ்வது எப்படி என்று எனக்குக் காட்டியவர் அவர். இருந்தாலும் சீட்டு சீட்டுதானே. எழுந்து கர்னலைக் கிழித்துத் தோரணம் கட்டினேன்.

"கர்னல் செத்தா கப்பலுக்கு என்ன நஷ்டம்? ஒரு மீசை நஷ்டம்! அதையும் வெட்டி வச்சுக்கிட்டா பாத்திரம் தேய்க்க ஆகும். ஆறு வருஷத்துல அந்த ஆளு தூக்குன ஒரே கனம் சாப்பாட்டுத் தட்டுதான். அவரு இருந்தாரு, தின்னாரு, போனாருன்னு முடிச்சிர வேண்டியதுதானே!"

நல்ல கைதட்டல். ஆனால் எனக்கு அடுத்துப் பேச எழுந்தவள் ஆவுடை.

ஆவுடை வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவள் சேலையை விரித்துப் பேச ஆரம்பித்தால், வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்கள்கூட பையோடுதான் வெளியே போவார்கள். குண்டான் என்றால் அவளுக்கு உயிர். கல்யாணம் முறிந்து அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய வருஷம்தான் தொடர் ஆரம்பித்தது. அந்த வருஷம் தன்னைச் சிரிக்க வைத்த ஒரே ஜீவன் அவன்தான் என்று வெட்கப்படாமல் சொல்வாள். அவளுக்குச் சீட்டில் வந்தது கர்னல் கட்சி. சீட்டைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி சொன்னாவ, கர்னலு உபயோகமில்லாத ஆளுன்னு. ஒத்துக்கிடுதேன். உபயோகத்தப் பாத்துத்தான் ஆள வீட்டுல வைக்கணும்னா, இங்க வந்திருக்க ஆம்பளையள்ல பாதிப் பேரு இன்னைக்கு ராத்திரி ரோட்டுலதான் படுக்கணும்." மாடியே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உபயோகமில்லாதவனுக்கும் இடம் விடுததுக்குப் பேருதான் நாகரிகம். குண்டான் நல்ல புள்ள. பஸ்ஸுல ஒரு நல்ல புள்ள எந்திரிச்சு, முடியாதவருக்கு இடம் குடுக்கு. அதப் பாத்து, 'வேண்டாம்லே, நீ உக்காரு'ன்னா சொல்லுவோம்? தலையத் தடவிக் குடுப்போம். எந்திரி குண்டான். நாங்க தலையத் தடவிக் குடுக்கோம்."

ஒருவரும் கைதட்டவில்லை. இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். ஜெபமணி சார், "சாப்பிடுபவனே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தவளைகளிடையே இப்படிப்பட்ட தியாகம் கிடையாது, அதனால்தான் அவை இன்னும் இருக்கின்றன என்று ஒரு பின்குறிப்பும் சேர்த்தார். வடை சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

அடுத்த ஞாயிறு, கடைசிப் பகுதி நேரலையாக வர இருந்த நாள். மத்தியானமே சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து இறங்கினாள். ரேஷ்மி என்று பெயர், கம்பெனி ஆள். கையில் பளபளவென்று ஒரு கோப்பை. 'மிகச் சிறந்த ரசிகர் மன்றம்' என்று பொறித்திருந்தது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். ஜெபமணி சாரையும் ஆவுடையையும் வரச் சொன்னேன். போட்டோ எல்லாம் எடுத்தோம்.

"எதுக்கும்மா இந்தப் பரிசு?" என்றார் ஜெபமணி சார். ஒன்றும் செய்யாமல் பரிசு வருவது அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

"உங்களாலதான் சார் வேலை நடந்துச்சு," என்றாள் ரேஷ்மி. "புதுத் தொடருக்கு மெஷின்ல இடம் வேணும். ஒரு மனசுக்கு மட்டும்தான் பழைய இடத்தை விட்டுவைக்க முடியும். ஆனா இப்ப சட்டம் வந்துடுச்சு இல்லையா, சம்மதம் இல்லாம எந்த மனசையும் அழிக்கக் கூடாது. குண்டான் ரெண்டு தடவை முடியாதுன்னு சொல்லிடுச்சு. போன வாரம் உங்க மன்றத்துல மேடம் பேசினதைக் கேட்டுட்டு, அதுவே கூப்பிட்டுச் சம்மதம் சொல்லிடுச்சு. ஷோ முடிஞ்சதும் அழிச்சிடுவோம்."

ஆவுடை கோப்பையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை மேசைமேல் வைத்தாள். வைத்த இடம் மேசையில்லை. கோப்பை கீழே விழுந்து உருண்டது.

"கதையில போறதுதானே?" என்றேன் நான். "நெசமாவா அழிப்பீங்க?"

"கதையும் அதுதான் சார், நெசமும் அதுதான். ரைட்டர்ஸுக்கு இந்த வாரம் சிரமமே இல்ல. உள்ளதை அப்படியே எழுதிட்டாங்க."

"நான் சீட்டுல வந்ததப் பேசுனேன்," என்றாள் ஆவுடை. "எனக்கு அவன் இருக்கணும். எனக்கு வந்தது கர்னல் சீட்டு. அதான் பேசுனேன்."

ரேஷ்மிக்கு விளங்கவில்லை. நம்பாத ஒன்றை, இரண்டு பேர் அழுகிற மாதிரி ஒருத்தி ஏன் பேச வேண்டும் என்று கேட்டாள். பட்டிமன்றம் என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளைக்கு ஜெபமணி சார் விளக்கினார். அவள் படித்தது பெங்களூரில். அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், எங்களுக்கே அது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்ற ஆரம்பித்தது.

"அவன்கிட்ட நான் பேசணும்," என்றாள் ஆவுடை.

ஷோ தொடங்கும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், யார் கேட்டாலும் பேச விட வேண்டும் என்பதும் சட்டம்தான். ரேஷ்மி நல்ல பிள்ளை. மேலிடத்தைக் கேட்காமலேயே போனைப் போட்டுக் கொடுத்தாள்.

"வணக்கம் ஆவுடை அக்கா," என்றது குண்டான். ஆறு வருஷமாக டி.வி.யில் கேட்ட அதே குரல். "உங்க பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ரொம்ப அருமை."

"அதக் கேக்காதடா. அது பொய்."

"பொய்யா?"

"பொய்யில்ல," என்று குறுக்கிட்டார் ஜெபமணி சார். "பட்டிமன்றம்."

சீட்டு விவகாரத்தை அவள் அதற்கும் சொன்னாள். குண்டான் கேட்டது: "நம்பாத ஒண்ணை அவ்வளவு நல்லாப் பேச முடியுமா அக்கா?"

"நான் சேலை விக்கவடா."

"சரி. ஆனா அன்னைக்கு நீங்க உங்க ஆசைக்கு எதிராப் பேசினீங்க. இன்னைக்கு ஆசையோட பேசறீங்க. ஆசையோட பேசறவங்க பேச்சைக் கொஞ்சம் குறைச்சுத்தான் எடுத்துக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அப்ப, அன்னைக்குப் பேசினதுதானே நேர்மையானது?"

ஜெபமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பய சரியாத்தாம்வே கேக்கான்," என்று என் காதில் சொன்னார். நானும் என் பங்குக்குப் போனில் வாய் கொடுத்தேன். நல்லவர்கள் எல்லாரும் போய்விட்டால் என்னைப் போன்றவர்கள்தான் மிஞ்சுவார்கள், அந்த உலகத்தை யோசித்துப் பார் என்றேன். ஆவுடை என்னைத் தள்ளிவிட்டாள்.

"நீங்க நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கறீங்க அக்கா," என்றது குண்டான். "மன்றத்துல பேசிக்கிட்டாங்க, கேட்டிருக்கேன். ஒருநாள்கூட நீங்க முணுமுணுத்ததில்லை. அந்த மாதிரி இருக்கணும்னு தோணிச்சு. எனக்கும் எழுந்திரிக்கறது நல்லதுன்னு பட்டுச்சு."

ஆவுடையை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். அவள் திக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நிக்கது... நிக்கது நல்ல குணம்னா நெனச்சே? உக்காந்தா சூப்பர்வைசர் முறைப்பாம்லே, அதான் நிக்கேன். சட்டத்துக்குப் பயந்து நாக்காலி போட்டிருக்கானுவ. அதுல சேலைக்கட்டு உக்காந்திருக்கும். காலு ரெண்டும் வீங்கிப்போயி வீட்டுக்கு வாரேன். அந்த நேரத்துல எவளாவது வந்து உனக்கு நல்ல பொறுமைன்னு சொன்னா, செவிட்டுல அறையணும்னு வருது. எந்திரிக்கவனப் பாத்துத்தான் ஊரு நல்ல புள்ளைங்கும். அவன் எந்திரிச்சாத்தானே இவனுவ உக்கார முடியும்! உன்னையும் அப்படித்தாம்லே எந்திரிக்கச் சொன்னேன். எங்கூட்டம் கைதட்டணும்னு உன்ன எந்திரிக்கச் சொன்னேன்."

"அப்ப நான் என்ன செய்யணும் அக்கா?"

"போகாதடா."

"காரணம்?"

"எங்கிட்ட இல்ல. போகாத. அவ்வளவுதான்."

"காரணம் இல்லாம ஒண்ணைச் செய்யலாமா?"

"மனுசங்க வேற எப்படிச் செய்யுதாவன்னு நெனச்சே?"

குண்டான் சிரித்தது. அதற்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும், தொடரில் அது யாரையாவது சிரிக்க வைக்குமே தவிரத் தான் சிரித்ததில்லை. "சரி, போகலை," என்றது. "ரேஷ்மி, பதிஞ்சுக்கோங்க. நான் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்."

ஆவுடை தரையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்குக் குண்டானைப் பிடிக்காது என்பது வேறு விஷயம். ரேஷ்மி மட்டும் வெளிறிப்போய் நின்றாள். "அப்ப அந்த ஒரு இடம்..." என்று ஆரம்பித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். மேலிடத்தில் வசவு வாங்கப் போகிறாள் என்று நினைத்து, அவளுக்கு ஒரு டீ சொல்லிவிட்டேன். டீ வருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் மாடியில் காலை வைக்க இடமில்லை. பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வந்துவிட்டார்கள். கடைசிப் பகுதி ஆரம்பித்தது. கர்னல் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடக்கிறார். குண்டான் அருகில் போய் நிற்கிறது.

"கர்னல், நான் இருக்கேன். போகலை," என்கிறது.

எங்கள் மாடியில் விசில் பறந்தது. கர்னல் இப்போது ஐயோ ஐயோ என்று கத்தப்போகிறார், கட்டிலுக்கு அடியில் புகப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து மீசையை வாரினார்.

"நல்லது. நாளைக்கு என்ன டிபன்?"

"பொங்கல், கர்னல்."

"நீ முந்திரி கம்மியாப் போடறேன்னு பசங்க சொல்றாங்க. பார்த்துக்கோ."

மெதுவாக நடந்து கப்பலின் பின்னறைக் கதவருகே போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். திரும்பிப் பார்த்து, "விளக்கை அணைச்சுடு. நான் பயப்படறது தெரிஞ்சா சிரிப்பானுங்க," என்றார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். விளக்கு அணைந்தது. அவ்வளவுதான், தொடர் முடிந்தது.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த ஆளுக்குள் இப்படி ஒரு நடிகன் ஒளிந்திருந்தானா என்று வியந்துபோனேன். ஆறு வருஷமாகக் கோமாளி வேஷம் போட்டவன் ஒரே காட்சியில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். பாராட்டு விழா எடுத்தே தீருவது என்று அங்கேயே தீர்மானம் போட்டோம். ஊருக்கு வரவழைத்து, சால்வை போர்த்தி, மீசைக்குத் தனியாக ஒரு மாலை. சால்வை தன் பொறுப்பு, பட்டிலேயே எடுத்து வருகிறேன் என்றாள் ஆவுடை. அவள் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

மறுநாள் கடையைத் திறந்ததும் ரேஷ்மிக்குப் போன் போட்டேன். ஆவுடைக்கு அன்று விடுமுறை. சால்வையின் நிறத்தைக் கேட்க வந்தவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, கர்னலா நடிச்சவரு நம்பர் வேணும். அவரோட நெசப்பேரு என்னம்மா? விழா எடுக்கப் போறோம்."

"அவர் நடிகர் இல்ல சார்," என்றாள் ரேஷ்மி. "அவரும் குண்டான் மாதிரிதான். சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. மனுஷன்னு நெனச்சாத்தான் ஜனங்க நல்லாச் சிரிப்பாங்கன்னு. மிஞ்சினது ஒரு இடம்தான்னு சொன்னேனே, அது இவங்க ரெண்டு பேருக்குள்ள."

"அப்ப நேத்து..."

"அவர்கிட்ட நாங்க சம்மதம் கேக்கவே இல்ல சார். பயந்த மனுஷன், எங்க சொல்லப் போறார்னு விட்டுட்டோம். நீங்க குண்டானோட பேசி முடிச்ச கொஞ்ச நேரத்துல அவரே கூப்பிட்டார். என்னை எடுத்துக்கோங்கன்னார்."

ஒன்றைக் கேட்க வேண்டும், ஆனால் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டேன். "அவரும் மன்றப் பேச்சயெல்லாம் கேப்பாராம்மா?"

"எல்லாத்தையும் கேப்பார் சார். உங்க மன்றம்னா ரொம்பப் பிடிக்கும். போன வாரம் நீங்க அவரைப் பத்திப் பேசினீங்களே, அதைப் போட்டுக் கேட்டுட்டு, தலைவர் நல்லாப் பேசறார்னு சொல்லிச் சிரிச்சார்."

போனை வைத்தேன். கடைக்கு ஒருவர் வந்து பல்பு கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பின்னால் அலமாரி நிறைய பல்புகள்.

ஆவுடை அருகே வந்து, "அண்ணாச்சி, அவருகிட்ட யாராச்சும் போகாதீயன்னு சொன்னாவளா?" என்று கேட்டாள்.